பொன்ழூரில் இல்லாத எழுத்துகள்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும். பன்னிரண்டாவதோடு என் படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைவதற்கே இன்றும் வாசலில் கொஞ்சம் நின்று தயங்குகிறவள் நான். பிழை இருந்தால் பெரிய மனது பண்ணிப் படியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் அலுவலக மலருக்கு எழுதச் சொல்லிப் பிள்ளைகள் முதலில் கேட்டது என்னை இல்லை, பிலோமினாவை. அவள்தான், “மவுஸு, கீபோர்டு கதையெல்லாம் விஜயாவ கேளுங்க, அவதான் அதுங்களோட மல்லு கட்டினா” என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் எனக்கு போன் வந்தது. வேலையில் இருந்தவரை அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதிலும் அவள் கைகாட்டி விட்ட இடம்தான் கிடைத்திருக்கிறது.

போன் செய்த பெண் இப்போது சிஸ்டம் பிரிவில் இருக்கிறாள். “இப்பல்லாம் மவுஸு வேலை செய்யலன்னா வேற மவுஸு குடுத்துடுவோம் ஆன்ட்டி. நீங்க மாசக்கணக்கா அத வெச்சிக்கினு இன்னா பண்ணீங்க?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அவளுக்குச் சொல்வதுபோலவே எழுதுகிறேன்.

நான் கருவடிக்குப்பத்துக்காரி. பள்ளிக்கூடம் முடித்ததும் சேதராப்பட்டில் கீபோர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். வரிசையின் கடைசியில் என் இடம். முடிந்து வரும் ஒவ்வொரு கீபோர்டிலும் எல்லா விசைகளையும் அழுத்தி, திரையில் எழுத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடி கோணலாக இருந்தால் நெம்பி எடுத்து வேறு மூடி போட வேண்டும். அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். விசைக்குத் தன் தலையில் என்ன எழுத்து இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது தன் இடம் மட்டும். அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். அந்தக் கம்பெனியை மூடியபோது, டவுனில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று யாரோ சொல்ல, நம் அலுவலகத்துக்கு வந்தேன்.

இளையவர்களுக்கு அந்த நாள் அலுவலகம் தெரியாது. பிரான்சில் இருக்கும் பதிப்பகங்கள் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பும். திரையில் இடது பக்கம் படம், வலது பக்கம் நாம் தட்டும் எழுத்து. தட்டுகிறவர்களில் இரண்டு வகை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களின் விரல்கள் பிரெஞ்சு கீபோர்டுக்குப் பழகியவை. மற்றவர்கள் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் எழுத்தைப் பார்த்து எழுத்தைத் தட்டுகிறவர்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் கீபோர்டு. இரண்டுக்கும் சில எழுத்துகள் இடம் மாறும். பிரெஞ்சில் A இருக்கும் இடத்தில் இங்கிலீஷில் Q. பிரெஞ்சில் M இருக்கும் இடத்தில் இங்கிலீஷில் அரைப்புள்ளி. கடையில் பிரெஞ்சு கீபோர்டு கிடைப்பது கஷ்டம் என்பதால், இங்கிலீஷ் கீபோர்டையே வாங்கி, மூடிகளை நெம்பி இடம் மாற்றி, பிரெஞ்சு கீபோர்டாக்கிக் கொடுப்பேன். சேதராப்பட்டில் பழகிய கை. அதில் யாரும் என்னைக் குறை சொன்னது கிடையாது.

எங்கள் மேலாளர் ஆரோக்கியசாமி சார். எல்லோரும் அவரைப் பிரெஞ்சு வழக்கில் ‘முசே’ என்பார்கள். எனக்கு அந்தச் சொல் நாக்கில் வரவே இல்லை, கடைசிவரை சார்தான். அவர் குரலை உயர்த்த மாட்டார். அடுத்தவர் கீபோர்டில் கை வைக்கவும் மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். கை தானாகப் போய்விடக் கூடாது என்பதற்காக. பிறகு, “படிம்மா” என்பார். திரையில் எந்தப் பிழைச் செய்தி வந்திருந்தாலும் முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, “யாரு சொல்றா இத?” என்று கேட்பார். முதலில் அந்தக் கேள்வியே எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டர் சொல்கிறது என்பேன். “கம்ப்யூட்டருக்குள்ள யாரு?” என்பார்.

பிலோமினா என் வயதுதான். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊர் வழக்கில் சொல்தா. அவளும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். தட்டச்சுக்கு வந்தவளை, பதிப்பகத்துக்காரர்களோடு பேச ஆள் வேண்டும் என்று எங்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். சிரித்துக்கொண்டேதான் உள்ளே வருவாள். அந்தச் சிரிப்பு வந்தால் எல்லாத் தலையும் நிமிரும். நான் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது. அவளும் சாரும் தமிழில் பேசிக்கொண்டே இருப்பார்கள், நடுவில் சட்டென்று பிரெஞ்சுக்குத் தாவிவிடுவார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று நான் மவுஸைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் துணிந்து, எனக்கும் பிரெஞ்சு சொல்லிக்கொடு என்று அவளிடம் கேட்டேன். வணக்கத்துக்கு ‘பொன்ழூர்’ என்று ஒரு சொல்லைச் சொல்லி, அதை bonjour என்று எழுத்துக்கூட்டித் தட்டவும் காட்டினாள். “இது போதும்டி, எங்க போனாலும் பொழச்சிக்குவ” என்று சிரித்தாள். அடுத்த சொல் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்பதை நிறுத்தி, எல்லோரும் சர்வர் என்ற ஒரே பெரிய கம்ப்யூட்டரில் வேலை செய்வது என்று டைரக்டர் முடிவு செய்தார். மேசையில் கைக்கடக்கமான ஒரு பெட்டி மட்டும் இருக்கும். திரையும் கீபோர்டும் மவுஸும் அதில் செருகியிருக்கும். வேலையெல்லாம் உள்ளறையில் இருக்கும் சர்வரில் நடக்கும். அதே சமயம் ஆரோக்கியசாமி சார் ஓய்வு பெறும் நாளும் நெருங்கியது. “இந்த சர்வர நிக்க வெக்கிறவங்க யாரோ அவங்கதான் முசே எடத்துக்கு” என்று டைரக்டர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எங்கள் பிரிவில் சாரை விட்டால் நானும் பிலோமினாவும்தான். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை. அவளுக்கு அது இல்லாமலே எல்லாம் இருந்தது.

சார் வேலையைப் பிரித்தார். பதிப்பகத்தோடு பேசுவது, கோப்புகளை மாற்றுவது பிலோமினாவுக்கு. மவுஸும் கீபோர்டும் எனக்கு.

நம் மவுஸில் கட்டைவிரல் பக்கம் இரண்டு பட்டன்கள் உண்டு. ஒன்றை அழுத்தினால் அடுத்த பக்கப் படம் வரும், மற்றது சாய்வெழுத்துக்குக் குறி போடும். கீபோர்டின் மேல் வரிசையிலும் அப்படிச் சில விசைகள். அந்தப் பட்டனுக்கு இந்த வேலை என்று சொல்லிக்கொடுப்பதற்கு, மவுஸ் செய்த கம்பெனியே ஒரு மென்பொருள் தரும். பழைய கம்ப்யூட்டர்களில் அதைப் போடுவது விளையாட்டு மாதிரி. சர்வரில் போட்டேன். ஒரு வரி வந்தது. மூடிக்கொண்டு போய்விட்டது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே. பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம் அதற்குள் விற்றுவிட்டார்கள்.

சார் வந்து உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“படிம்மா.”

படித்தேன். “இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இது ஆகாதாம் சார்.”

“யாரு சொல்றா?”

“சர்வரு.”

“சர்வரா? சர்வரு வாயே தொறக்கல. நல்லாப் பாரு.”

பார்த்தேன். அந்தப் பிழைச் செய்தியின் தலைப்பில் இருந்தது செட்டப்பின் பெயர். செட்டப் என்பது மென்பொருளை உள்ளே கொண்டுபோய் வைக்கிற ஆள் மாதிரி. அவன் வாசலிலேயே சர்வரின் பெயரைக் கேட்டுவிட்டு, இது வீட்டுக் கம்ப்யூட்டர் இல்லை என்று திரும்பிப் போகிறான். மவுஸும் மாட்டேன் என்று சொல்லவில்லை, சர்வரும் சொல்லவில்லை.

“அப்பொ அவன் இல்லாம நாமளே எடுத்து வெச்சா?” என்று கேட்டேன்.

“ம்” என்றார். அவர் பாராட்டு அவ்வளவுதான். அந்த ஒரு ‘ம்’முக்காக எத்தனை நாள் சாப்பாட்டை மறந்திருக்கிறேன்.

செட்டப் கோப்பை ஒரு பையைப் பிரிப்பதுபோலப் பிரித்தேன். உள்ளே, மவுஸின் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் டிரைவர் தனியாக இருந்தது. சர்வரின் சாதனப் பட்டியலைத் திறந்து, மவுஸின் பெயரைத் தேர்ந்தெடுத்து, டிரைவர் இந்த இடத்தில் இருக்கிறது என்று கைப்பிடித்துக் காட்டினேன். ஏற்றுக்கொண்டது. ஆனால் பட்டன்களை அமைக்கும் திரை திறந்த வேகத்தில் மூடியது. மறுபடியும் அதே கேள்விகள்: படி, யார் சொல்வது, என்ன கேட்கிறான். வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் காட்ட, பாட்டுப் போட என்று கூடவே வரும் சில பாகங்கள் சர்வரில் இருக்காது. சர்வருக்கு எதற்குப் பாட்டு என்று விட்டிருப்பார்கள். அமைப்புத் திரைக்கோ அவை இல்லாமல் முகம் காட்டத் தெரியாது. ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து, சர்வரை அணைத்து எழுப்பினேன். ஒருநாள் திரை திறந்து, மூடாமல் நின்றது. உள்ளறையில் மவுஸைச் சர்வரிலேயே செருகி, பக்கப் பட்டனை அழுத்தினேன். பக்கம் புரண்டது.

சந்தோஷத்தோடு வெளியே வந்து ஒரு மேசையில் உட்கார்ந்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

இங்கேதான் பல நாள் போனது. மேசையில் இருக்கும் மவுஸ் அந்தச் சின்னப் பெட்டியில் செருகியிருக்கிறது. இன்ன இடத்துக்கு நகர்ந்தது, இடது பக்கம் அழுத்தினார்கள் என்ற சேதி மட்டும்தான் சர்வருக்குப் போகும். மவுஸே இல்லாத இடத்தில் மவுஸுக்கான மென்பொருள் என்ன செய்யும்? நான் அழாத குறையாக இருந்தபோது பிலோமினா எட்டிப் பார்த்து, “விடுடி, வேற எதனா வாங்கிக்கலாம்னு டைரக்டருகிட்ட சொல்றேன்” என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சார், “அந்தத் திரையில இருக்கிறத எல்லாம் படிச்சிட்டியா?” என்று மட்டும் கேட்டார். பட்டன் இருக்கும் பக்கத்தைத்தான் பார்த்திருந்தேன். மற்ற பக்கங்களையும் வாய்விட்டுப் படித்தேன். ஒரு மூலையில், அமைப்பை மவுஸுக்குள்ளேயே சேமிக்கலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. மவுஸுக்கும் கொஞ்சம் ஞாபகசக்தி உண்டு! கீபோர்டுக்கும் அப்படியே. சர்வரில் செருகி ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால், பிறகு எந்தப் பெட்டியில் செருகினாலும் அது தானாகவே சரியான சேதியை அனுப்பும். அலுவலகத்தில் இருந்த மவுஸ், கீபோர்டு எல்லாவற்றையும் கூடையில் அள்ளி வந்து, ஒவ்வொன்றாகச் செருகி, சொல்லிக்கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். பிரெஞ்சு மேசைகளுக்கு உரிய கீபோர்டுகளில் மூடிகளையும் மாற்றினேன். பெட்டி வழியாக நுழைந்து, எல்லா மேசையிலும் தட்டியும் பார்த்தேன். பிரெஞ்சு மேசைகளில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைத் தட்டினேன். எல்லாவற்றிலும் பொன்ழூர் பிழையில்லாமல் வந்தது.

வெள்ளோட்டத்துக்கு, பதிப்பகத்தின் சார்பில் பிரான்சிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். டைரக்டர், சார், பிலோமினா, நான் எல்லோரும் நின்றோம். தட்டச்சில் மூத்தவர் லூர்து அண்ணன். அவர் எழுந்து தன் பிரெஞ்சு மேசையைக் கொடுக்க, அந்த அம்மா உட்கார்ந்தார். கட்டைவிரலால் பட்டனை அழுத்தினார். பக்கம் புரண்டது. இன்னொரு தடவை அழுத்தினார். புரண்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த பக்கம் வரத்தானே செய்யும் என்பதுபோல் இருந்தார். எத்தனை நாள் உழைப்பு. பார்த்தீர்களா என்று கத்த வேண்டும் போல இருந்தது.

படத்தில் இருந்தது ஒரு பழைய கடிதம், Madame, அதாவது ‘மதாம்’ என்று தொடங்கியது. அவர் கீபோர்டைப் பார்த்தபடி அதைத் தட்டினார். நிமிர்ந்தபோது திரையில் இருந்தது இது:

:qdq;e

“ஐயோ விஜயா, மதாமுக்குத் தலையிலயே புள்ளி வெச்சிட்டியே!” என்றார் லூர்து அண்ணன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

“எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி போட்டுடறேன் சார்” என்றேன்.

“இருடி, எதையும் எடுக்காத” என்று பிலோமினா குனிந்தாள். இடது கையால் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். கீபோர்டைப் பார்க்காமலே தட்டினாள். Madame என்று அழகாக வந்தது. “பொட்டி தன்ன இங்கிலீஷ்காரன்னு சொல்லிக்கினு உள்ள போயிருக்கு, அவ்ளோதான்” என்று என்னிடம் சொன்னாள். அதையே அந்த அம்மாவிடம் பிரெஞ்சில் சொன்னாள் போலிருக்கிறது, அவர் வாய்விட்டுச் சிரித்தார். டைரக்டருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவரும் சிரித்தார்.

நடந்தது அவ்வளவுதான். பிரெஞ்சு மேசைக்காரர்களுக்குக் கீபோர்டு மொழியைச் சர்வரில் நான் பிரெஞ்சுக்கு மாற்றித்தான் வைத்திருந்தேன். ஆனால் மேசைப் பெட்டி உள்ளே நுழையும்போது தன் மொழியையும் கூடவே கூட்டிப் போகும். பெட்டி இங்கிலீஷில் இருந்தது. மூடியில் M, சர்வரின் கணக்கில் அரைப்புள்ளி; பெரிய எழுத்துக்கு அழுத்தினால் முக்காற்புள்ளி. பிலோமினா அழுத்தியது மொழியை மாற்றும் இரண்டு விசைகள்.

மாலையில் சார் உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

“எல்லா மேசையிலயும் தட்டிப் பாத்தேன்னியேம்மா?”

“பாத்தேன் சார்.”

“இன்னா தட்டின?”

“பொன்ழூர்.”

கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரலை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “பொன்ழூர்ல ஒரு எழுத்துகூட எடம் மாறாதேம்மா! ரெண்டு கீபோர்டுலயும் ஒரே எடம். பிரெஞ்சுல அத்தினி சொல்லு இருக்கு, பாத்து எடுத்திருக்கியே!” என்றார். பிலோமினாவையும் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் அன்றைக்கு ‘மதாம்’ என்று சொல்லிக்கொடுத்திருந்தால் போதும், முதல் மேசையிலேயே கண்டுபிடித்திருப்பேன். அவள் வேண்டுமென்றே செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நினைப்பு இன்றுவரை போகவில்லை.

அந்த வாரமே டைரக்டர் முடிவைச் சொல்லி அனுப்பினார். சார் எங்கள் இருவரிடமும் சொன்னார்: “பிலோமினான்னு சொல்லிட்டாரும்மா. நாளைக்குக் காலைல கையெழுத்து.” என்னைப் பார்த்து, “உனக்கும் பிரெஞ்சு தெரிஞ்சிருந்தா...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். மவுஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

பஸ் நிறுத்தம்வரை பிலோமினா என் பின்னாலேயே வந்தாள்.

“விஜி, நான் வேணான்னு சொல்லிடவா?”

“எதுக்கு?”

“மவுஸு, கீபோர்டு அத்தினியும் நீதான பண்ணின. நான் ரெண்டு பட்டன அமுக்கினேன். நீ ஒரு வார்த்த சொல்லு, வேணான்னுடறேன். நெஜமாத்தான்டி.”

“சே, அதெல்லாம் ஒண்ணும் வேணாம். நீயே இரு.”

“மனசுல வெச்சிக்கினு சொல்லாத. யோசி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வந்து கேக்கறேன்.”

பஸ்ஸில் வரும்போது கோபம்தான் வந்தது. கொடுக்க மனமிருந்தால் தானே போய்ச் சொல்ல வேண்டியதுதானே, என் வாயால் எதற்குக் கேட்க வைக்க வேண்டும்? பதவியும் வேண்டும், நல்ல பேரும் வேண்டுமா? வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது அந்தக் கோபம் இறங்கிவிட்டது. அவள் உண்மையாகத்தான் கேட்டாள். கேட்டால் கொடுத்துவிடுவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர், “கூச்சப்படாம கேட்டு வாங்கிக்க. உனக்கில்லாத உரிமையா?” என்றார். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். “ஆமாம் பிலோமி, நீ வேணான்னு சொல்லிடு.” இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அடுப்படியில் நின்று வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் வந்தது.

மறுநாள் காலை டைரக்டர் அறை வாசலில் அவள் எனக்காக நின்றிருந்தாள். சாரும் லூர்து அண்ணனும் பக்கத்தில் இருந்தார்கள். “இன்னா சொல்ற விஜி?” என்று கேட்டாள். “கங்கிராட்ஸ்” என்றேன். அவள் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். நான் பிரெஞ்சு மேசைகளின் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரெஞ்சுக்கு மாற்றினேன். சாப்பாட்டு மணிக்குள் வேலை முடிந்தது.